வீடும் சபையும் – 14: டிசம்பரில் ஒரு மாலை

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ டிசம்பர் ஞாயிறு ஒன்றில் ஆராதனைக்குப் போனால், அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். திங்கட்கிழமை பாடகர் குழு ஒத்திகை. செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கிறிஸ்துமஸ் விழா. அடுத்து வாலிபர் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி நாடகம், கோயிலைச் சுத்தம் செய்து ஜோடிக்க ஒரு நாள். இரவெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ். பிள்ளைகளுக்கோ அதே வாரங்களில் அரையாண்டுத் தேர்வு. அம்மா சங்கத்தில், அப்பா கமிட்டியில், மகள் ஒத்திகையில், மகன் டியூஷனில். ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடக் கிளம்பிய குடும்பம் ஒரு மாலைகூடச் சேர்ந்து உட்காராமல் 24ஆம் தேதிக்கு வந்து சேர்கிறது.

இதற்கு ஜவுளிக்கடையையும் செல்போனையும் மட்டும் திட்டிப் பயனில்லை. பாதி அலைச்சலை உண்டாக்குவது சபைதான். பக்தியின் பெயரால் வருகிற அலைச்சல் என்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அலைச்சலே கூடாது என்று நான் சொல்லவில்லை. லூக்கா எழுதியிருக்கிற முதல் கிறிஸ்துமஸ் அமைதியான நாளில் நடக்கவில்லை. அகுஸ்துராயனின் குடிமதிப்புக் கட்டளையால் ஜனங்கள் அவரவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, கலிலேயாவிலிருந்து யூதேயாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், போன இடத்தில் சத்திரம் நிரம்பி வழிகிறது. செய்தி முதலில் போய்ச் சேர்ந்ததும் இராத்திரி வேலையில் இருந்த மேய்ப்பர்களுக்கே. ஆனால் அந்த நெரிசலிலும் மரியாளும் யோசேப்பும் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாமல் இருந்தார்கள். நமக்கு நழுவிப்போவது அந்தக் கூடவிருப்புதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைச் சபை அட்வெந்து என்று ஒதுக்கியது காத்திருப்பதற்காக. இன்று பல கோயில்களில் ஏற்றுகிற அட்வெந்து மெழுகுவர்த்தி வளையம் பிறந்தது ஒரு பிள்ளைகள் இல்லத்தில். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துக் காத்தவர் யோகான் ஹின்ரிச் விக்கெர்ன் என்ற போதகர். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்களாம். 1839இல் ஒரு வண்டிச்சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தி நான்கும் மற்ற நாட்களுக்குச் சிறியவையும் நட்டுவைத்தார். நாளுக்கு ஒன்று கூடுதலாக எரியும். சுற்றி நின்று பாடி ஜெபிப்பார்கள். ஒத்திகையோ பரிசோ கிடையாது. குடும்பமில்லாத பிள்ளைகளைக் குடும்பமாக்க அவ்வளவு போதுமாயிருந்தது. குடும்பம் இருக்கிற நமக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம், ஒரு வேதபாகம், ஒரு கீர்த்தனை போதாதா?

சேர்ந்து இருப்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய வழி உண்டு. அது முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வாசம் வர வறுத்து, திரித்து, தேங்காய்ப்பூவும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, கருப்பட்டியோ வெல்லமோ காய்ச்சிய பாகை ஊற்றிக் கிளற வேண்டும். அதன்பிறகு நேரமில்லை. சூடு இருக்கும்போதே உருட்டியாக வேண்டும், ஆறினால் மாவு உதிர்ந்துவிடும். "ஏல, பாகு ஆறிரும்லா, கையைக் கழுவிட்டு வா!" என்று ஆச்சி கூப்பிட்டால் படிக்கிறவனும் எழுந்து வந்தாக வேண்டும். ஒருவர் உருட்ட, ஒருவர் மஞ்சள் கலந்த அரிசிமாவில் மும்மூன்றாக முக்கி எண்ணெயில் விட, ஒருவர் அரித்தெடுப்பார். ஒற்றை ஆள் செய்கிற பலகாரம் அல்ல அது. உருட்டுகிற கைகளுக்கு நடுவில்தான் தாத்தாவின் பழைய கதைகளும், சொல்லாமல் வைத்திருந்த மனத்தாங்கல்களும் வெளியே வரும். இப்போது கடையில் கிலோக்கணக்கில் வாங்கிவிடுகிறோம். இல்லையென்றால் அம்மா தனியாக நள்ளிரவு வரை அடுப்படியில் நிற்கிறாள். இரண்டில் இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வகைப் பலகாரம் வேண்டாம். ஒன்றே ஒன்று, ஆணும் பெண்ணுமாக எல்லோரும் உட்கார்ந்து செய்யட்டும்.

சேகரக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பரில் வாரத்துக்கு ஒரு மாலை எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். அதையும் அறிவிப்பில் வாசியுங்கள்: 'வியாழக்கிழமை மாலை சபையார் அவரவர் வீட்டில் இருப்பார்கள்.' இரண்டு விழாக்களை ஒன்றாக்கினால் குடி முழுகிவிடாது.

கேரல் ரவுண்ட்ஸை மட்டும் குறைக்கச் சொல்லமாட்டேன். வருஷத்தில் சபை வீடு தேடி வருகிற இரவு அது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற முதியவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு, தட்டில் கேக்கை எடுத்துவைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே பாடலாமா என்று தயங்கி அந்த வீட்டைத் தாண்டிப் போகிற குழுக்கள் உண்டு. விவரம் தெரிந்த குழு டிரம்மைத் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவை முனையில் நிறுத்திவிட்டு, நாலைந்து பேர் மட்டும் உள்ளே போய் மெதுவாக ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு வரும். பட்டியல் போடும்போதே இந்த வீடுகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குத் தள்ளாமல் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பெரியம்மா ஏதாவது பேச ஆரம்பித்தால், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடாதீர்கள்.

(தொடரும்)