பழைய விளையாட்டு, புதிய திரை

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையில் ஏராளமான டாஸ் விளையாட்டுகள் 320×200 புள்ளிகளில் வரையப்பட்டன. அன்றைய மானிட்டர்கள் 4:3 விகிதம் என்பதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகத் தெரிந்தது. இன்றைய 1920×1080 திரை முழுக்க அந்தப் படத்தை இழுத்து நிரப்பினால் வட்டம் படுத்த முட்டையாகிவிடும்.

இருபக்கமும் கறுப்புப் பட்டை விட்டு 1440×1080 ஆக்கினால் விகிதம் சரியாகும். ஆனால் பெருக்கம் அகலத்தில் 4.5, உயரத்தில் 5.4. திரைப் புள்ளியைப் பாதியாக வெட்ட முடியாதே! சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். காட்சி நகரும்போது நெளிவது நன்றாகவே தெரியும். மென்மையாக்கும் வடிகட்டி நெளிவைக் குறைக்கும், கூர்மையையும் கொஞ்சம் தின்றுவிடும்.

1920×1200 மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு யோகம்: அகலம் 5 மடங்கு, உயரம் 6 மடங்கு என 1600×1200 கச்சிதமாகப் பொருந்தும். இந்த விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் விகிதத்தைத் திருத்த, அமைப்புக் கோப்பின் ‘ஆஸ்பெக்ட்’ வரியை ‘ட்ரூ’ என மாற்ற வேண்டும்.