90 நாள் சவாலை வீட்டில் தொடங்குறீங்களா? முதலில் இதைப் பாருங்க!

செல்போனைத் திறந்தால் போதும், ‘90 நாளில் புது உடம்பு’, ‘30 நாளில் தொப்பை காலி’ என்று வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஜிம்முக்குப் போக நேரமில்லை, மாதாமாதம் பணம் கட்டவும் மனசு வரலை. ஹாலில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் இருந்தால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நல்ல ஆசைதான். ஆனால், பல வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த உடம்பை முதல் நாளே குதிக்கவும் தாவவும் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்க.

இன்று போனில் பார்க்கும் பல ‘சவால்’களுக்கு முன்னோடி, அமெரிக்காவில் டிவிடி தொகுப்பாக விற்பனையான ‘பி90எக்ஸ்’. டோனி ஹார்ட்டன் என்ற பயிற்சியாளர் வடிவமைத்த 90 நாள் திட்டம் அது. ஒருநாள் மார்பு, முதுகு. மறுநாள் தாவல் பயிற்சி. இன்னொரு நாள் யோகா, அடுத்து தற்காப்புக் கலை அசைவுகள். இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் தசைகள் ‘குழம்பி’ வேகமாக வளரும் என்று விளம்பரம் செய்தார்கள். தசை குழம்பவெல்லாம் செய்யாதுங்க! இன்று கைக்கு வேலை கொடுத்தால் நாளை கைக்கு ஓய்வு, காலுக்கு வேலை. அதோடு தினமும் ஒரே பயிற்சி என்றால் பத்தாவது நாளே சலிப்பு வந்துவிடும். மாற்றிச் செய்வதன் உண்மையான லாபம் இந்த இரண்டும்தான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தத் தொகுப்பிலேயே, திட்டத்தைத் தொடங்கும் முன் செய்து பார்க்க ஒரு உடற்தகுதிப் பரிசோதனை இருந்தது. அதில் தேறாதவர்கள் முதலில் எளிதான பயிற்சியிலிருந்து வரவேண்டும். போனில் வரும் வீடியோக்கள் பல, அந்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டன.

‘தபாட்டா’ பயிற்சியும் அப்படித்தான். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டு முறை. மொத்தமே நான்கு நிமிடம். ஜப்பானைச் சேர்ந்த இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிரபலமான முறை இது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நல்ல உடற்தகுதி கொண்ட இளைஞர்கள். செய்ததும் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில். டைல்ஸ் தரையில் குதித்து அல்ல. ‘நான்கு நிமிடம்தானே’ என்று 45 வயதில் நேராக அதில் இறங்கக் கூடாது.

அப்போ என்ன செய்யணும்? முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்க. இரண்டுமே பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் இருப்பவை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் அல்லது தலைசுற்றல் இருந்தாலோ, இதயத்துக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிட்டாலோ, டாக்டரிடம் கேட்காமல் கடுமையான பயிற்சி வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், சிலவகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போதோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். டாக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்க. சர்க்கரையோ குளுக்கோஸோ கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்து, உங்கள் அளவு என்ன என்று பாருங்க. மத்திய அரசின் ‘ஃபிட் இந்தியா’ செயலியில் வயதுக்கேற்ற உடற்தகுதிப் பரிசோதனைகள் இருக்கின்றன. செயலி இல்லாமலும் ஒரு வழி இருக்கு, ‘பேச்சுச் சோதனை’ என்பார்கள். பயிற்சி செய்யும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம். முதல் மூன்று, நான்கு வாரம் மிதமான வேகத்திலேயே இருங்க. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, அத்துடன் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவ்வளவுதான். தினமும் ஒரு மணி நேரம் வியர்வையில் குளிக்கணும் என்று அது சொல்லவில்லை.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? திங்கள் தள்ளும் பயிற்சி, அதாவது தண்டால். தரையில் முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். வலு கூடக்கூட மேசை விளிம்பு, பிறகு தரை. செவ்வாய் வேகமான நடை அல்லது மாடிப்படி. புதன் காலுக்கு: பஸ்கி. முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். வியாழன் யோகா. வெள்ளி இழுக்கும் பயிற்சி. வீட்டுப் பயிற்சியில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தண்டால் மட்டும் எடுத்துக்கொண்டே போனால் மார்பு இறுகும், முதுகு பலவீனமாகவே இருக்கும், தோள் முன்னால் வளையும். பிள்ளைகளின் பள்ளிப் பையில் புத்தகங்களை நிரப்பி, லேசாகக் குனிந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்க. காசு செலவில்லாத டம்பெல்! சனிக்கிழமை பிடித்ததைச் செய்யலாம்: ஸ்கிப்பிங், சிலம்பம், டான்ஸ். ஞாயிறு ஓய்வு. ஓய்வு நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அதனால் அதையும் பயிற்சிக் கணக்கிலேயே சேருங்க.

டைல்ஸ் தரையில் வியர்வை விழுந்தால் வழுக்கும். ஜமுக்காளமும் நகரும். வழுக்காத பாயோ, ஷூவோ அவசியம். மாடி வீட்டில் குடியிருந்தால் குதிக்கும் பயிற்சிக்குப் பதில் படி ஏறி இறங்குங்க, கீழ்வீட்டுக்காரரும் வாழ்த்துவார். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

தொடங்கிய ஓரிரு நாளில் தசை வலி வரும். பெரும்பாலும் மூன்று நாளில் குறையும். பயப்பட வேண்டாம். ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்துங்க. தசைகள் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அளவுமீறிய பயிற்சியில் சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்து உட்கார்ந்திருக்காதீங்க. உடனே 108. மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு முதல்கட்ட மாத்திரைகள் கொடுக்க, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டம் செயல்படுகிறது. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104-ல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

போனில் கவனிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. உடற்பயிற்சிச் செயலி உங்கள் எஸ்எம்எஸ், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்க. அதற்கு அவை தேவையில்லை. ‘ஏழு நாள் இலவசம்’ என்று சேர்ந்தால் எட்டாவது நாள் பணம் தானாகப் போகலாம். செயலியை நீக்கினாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதியிலும், யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியிலும் போய் ரத்து செய்யணும். புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இடையில் காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வாங்க.