மெழுகு நூலும் எல்லைப்புறத் தூசியும்

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. ஆயினும் களியக்காவிளை கடந்து பாறசாலைக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் தூசி, அவ்வெல்லையை அறிந்ததாகத் தெரியவில்லை. காரின்மேல் படிந்த அத்தூசியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர், தம்மையறியாமலே வண்ணத்தைத் தேய்க்கும் காரியத்தில் ஈடுபடுகிறார். ஏனெனில் அதில் கலந்துள்ள குவார்ட்ஸ் துகளின் கடினம் மோஸ் அளவையில் 7. கண்ணாடியையே கீறவல்ல அதற்கு, ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே உள்ள மேற்பூச்சு எம்மாத்திரம்?

பாரபின் மெழுகு ஊட்டிய பருத்தி நூற்குஞ்சங்களாலான டஸ்டரோ தூசியைத் தள்ளுவதில்லை, பற்றிக்கொள்கிறது: மெழுகுப் படலத்தில் ஒட்டிய துகள் நூல்களின் இடுக்கில் ஒதுங்கிவிடுவதால், பரப்பின்மீது அது அழுந்தி உரசுவதற்கு இடம் மிகவும் குறைகிறது. ஆகையால் குஞ்சத்தின் சொந்த பாரத்துக்கு மேல் கையின் பாரம் கூடலாகாது. இலேசாக ஒரே திசையில் இழுத்து, அடிக்கடி உதற வேண்டும். சோப்பிட்டுத் துவைக்கும் உற்சாகிகளும் உண்டு. மெழுகு போனபின் எஞ்சுவது வெறும் நூலே. புதிய டஸ்டரைச் சில நாள் செய்தித்தாளில் கிடத்தினால் மிகையான மெழுகு இறங்கிவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து காய்ந்து இறுகிய சேற்றின்மீதும் பறவை எச்சத்தின்மீதும் இதைப் பிரயோகிப்பது விபரீதம். அவற்றுக்கு நீரே உபாயம்.