சிந்துபாத்தின் கடல் இருக்கிறது, கதை எங்கே?

சிந்துபாத் என்னும் பெயரைக் கேளாத தமிழ் இல்லம் அரிது. 1960ஆம் ஆண்டு 'தினத்தந்தி'யில் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரத் தொடர் அப்பெயரைத் தேநீர்க் கடைகள் வரை கொண்டு சேர்த்தது. ஆயினும் சிந்துபாத்தின் சொந்த ஊர் கன்னித்தீவு அன்று. கலீஃபா ஹாரூன் அல்ரஷீதின் பக்தாத் மாநகரம். அரபு மக்களிடையே தனிக் கதையாக வழங்கிவந்த அவனுடைய ஏழு கடற்பயணங்கள் பிற்காலத்தில் 'ஆயிரத்தொரு இரவுகள்' என்னும் பெருந்தொகுப்புடன் இணைந்து உலகெங்கும் பரவின.

அந்தச் சிந்துபாத்தை நாயகனாக்கி, 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் 'சின்பாத்: லெஜண்ட் ஆஃப் த செவன் சீஸ்' என்ற முழுநீளக் கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. டிம் ஜான்சன், பேட்ரிக் கில்மோர் ஆகிய இருவரும் இயக்கினர். நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற நடிகர் பிராட் பிட். நம் வீட்டுப் பிள்ளைகள் சிந்துபாத்தை இப்படத்தின் வழியே மட்டும் அறிந்துகொண்டால் அவர்களுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமற் போவது என்ன?

கண்ணுக்கு விருந்து

முதலில் பாராட்டுக்குரியதைப் பாராட்டிவிடுவோம். மனிதர்களைக் கையால் வரைந்து, கடலையும் பூதாகரமான உயிரினங்களையும் கணினியால் உருவாக்கி, இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் இணைத்திருக்கிறார்கள். உடைந்த கப்பல்கள் குவிந்து கிடக்கும் பாறைகளின் நடுவே, நீரே பெண்ணுருவம் கொண்டு எழுந்து மாலுமிகளை மயக்கும் காட்சி அற்புதமானது. உறைந்த கடலின்மேல் இராட்சதப் பறவை வட்டமிடுவதும், உலகின் விளிம்பில் கப்பல் பாய்வதும் பெரியவர்களையும் நிமிர்ந்து உட்கார வைப்பவை.

காரணமற்ற சாகசங்கள்

ஆனால் கதை? கிரேக்கப் புராணத்தின் கலகத் தேவதையான ஈரிஸ், சிரக்யூஸ் நகரத்தின் 'அமைதி நூலை'த் திருடிப் பழியைச் சிந்துபாத்தின் மேல் போடுகிறாள். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவனுடைய பால்ய நண்பனும் இளவரசனுமான புரோட்டியஸ், தன் உயிரையே பிணையாக வைத்து அவனை அனுப்புகிறான். பத்து நாட்களுக்குள் நூலை மீட்டு வர வேண்டும்; தவறினால் நண்பனின் தலை போகும்.

எத்துணை உயர்ந்த கரு! ஆனால் அந்த நட்பு எப்படி வளர்ந்தது என்பதைப் படம் இரண்டொரு வசனங்களில் சொல்லி முடித்துவிடுகிறது. உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அது ஆழமானது என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அதன் பிறகு ஆபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓர் ஆபத்து அடுத்த ஆபத்துக்குக் காரணமாவதில்லை. இவற்றின் வரிசையை மாற்றி அடுக்கினாலும் கதைக்குப் பெரிய சேதம் நேராது. இடையிடையே நண்பனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் நாயகன் சண்டையிட்டு, பிறகு காதல் கொள்கிறான். இறுதியில், சொன்ன சொல்லைக் காக்கத் தலைகொடுக்கத் திரும்பி வருகிறானே, அந்த ஓரிடத்தில்தான் படம் நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஒரே மீன், இரண்டு கதைகள்

மூலக்கதைக்கும் படத்துக்கும் பொதுவான காட்சி ஒன்று உண்டு. தீவு என்று நம்பி இறங்கிய இடம் ஒரு மாபெரும் மீனின் முதுகாக இருப்பதே அது. படத்தில் இந்த மீனைக் கயிற்றால் பிணைத்துக் கப்பலை இழுக்கச் செய்கிறார்கள். பார்க்க வேடிக்கை, சிரித்ததும் மறந்துபோகிறது.

மூலக்கதையில் நடப்பது வேறு. தந்தை விட்டுச் சென்ற செல்வத்தை வீணடித்த சிந்துபாத், எஞ்சியதை விற்றுச் சரக்கு வாங்கிப் பஸராவிலிருந்து புறப்படுகிறான். வணிகர்கள் அத்தீவில் சமைக்க அடுப்பு மூட்டுகிறார்கள். சூடு தாங்காத மீன் கடலுக்குள் மூழ்குகிறது. கப்பல் அவனை விட்டுப் போய்விட, ஒரு மரத் தொட்டியைப் பற்றிக்கொண்டு அந்நிய நாடு ஒன்றில் கரையேறி, அங்கே துறைமுகக் கணக்கராகப் பணிபுரிகிறான். ஒரு நாள் அதே கப்பல் அத்துறைக்கு வருகிறது. "கடலில் மூழ்கி மரணித்த ஒருவரின் சரக்கு இருக்கிறது, விற்றுப் பணத்தை அவர் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும்" என்கிறார் கப்பல் தலைவர். அந்த 'மரணித்தவன்' தானே என்று சிந்துபாத் மெய்ப்பிக்கிறான்!

அடுப்பு மூட்டியதில் தொடங்கி அமானிதம் காத்த மாலுமியில் முடிகிறது இக்கதை. வியப்பும் உண்டு, வியப்புக்குப் பின்னே ஒரு மனிதனின் நேர்மையும் உண்டு. பிள்ளைகள் மனத்தில் நிலைப்பது இதுவன்றோ!

காணாமற்போன பக்தாத்

இன்னொரு குறை, பக்தாத்தே படத்தில் இல்லாதது. நண்பனுக்காகப் பிணையாகும் நிகழ்ச்சி, சிரக்யூஸ் நகரத்தோடு தொடர்புடைய டாமன், பித்தியாஸ் என்ற பழைய கிரேக்கக் கதை. சிந்துபாத்தின் பெயரை எடுத்து அக்கதைக்குச் சூட்டிவிட்டார்கள். ஆறாம் பயணத்தில் செரந்தீப் என்னும் இலங்கையின் மன்னர் கலீஃபாவுக்குக் காணிக்கைகள் அனுப்புகிறாரே, அந்த அரபுக் கடலின் வணிக உலகத்துக்குப் படத்தில் இடமே இல்லை.

அது வெறும் கற்பனை உலகமும் அன்று. 1980 நவம்பரில் டிம் செவரின் என்ற பயண எழுத்தாளர், ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த அரபுப் பாய்க்கப்பல் ஒன்றில் ஓமனிலிருந்து புறப்பட்டார். கேரளம், இலங்கை வழியே சென்று 1981 ஜூலையில் சீனாவை அடைந்து காட்டினார்!

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு அந்தச் சுமைகூலி. மூலத்தில் வெயிலில் களைத்து, மாளிகை வாசலில் அமர்ந்து தன் விதியை நொந்துகொள்ளும் ஓர் ஏழையைச் சிந்துபாத் உள்ளே அழைத்து உணவளிக்கிறான். நாளொரு பயணமாகத் தன் துன்பங்களைச் சொல்லி, ஒவ்வொரு நாளும் நூறு பொற்காசு கொடுத்தனுப்புகிறான். செல்வம் எவ்வளவு இடருக்குப் பின் கிடைத்தது என்பதையும், இறைவன் அளித்ததை ஏழையுடன் பகிர வேண்டும் என்பதையும் கேட்பவர் உள்ளத்தில் பதிப்பது இந்த அமைப்பே. அந்த ஏழை நீக்கப்பட்டதும் சாகசம் மட்டுமே மிஞ்சியது.

பழி யார்மேல்?

ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் அமெரிக்காவில் 3 கோடி டாலரைக்கூட ஈட்டவில்லை. இதன்பின் ட்ரீம்வொர்க்ஸ் கையால் வரையும் முழுநீளப் படங்களையே கைவிட்டுக் கணினிப் படங்களுக்கு மாறியது. குற்றம் பென்சிலின் மேலா? அதே 2003 மார்ச்சில்தான், கையால் வரையப்பட்ட 'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானியப் படம் ஆஸ்கர் விருது பெற்றது. வரைந்த கை தோற்கவில்லை. சொன்ன கதைதான் தோற்றது.

பெற்றோர்களே! பிள்ளைகள் இப்படத்தைப் பார்க்க விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை. உடனிருந்து பாருங்கள். முடிந்தபின் அந்த மீனின் உண்மைக் கதையையும், வாசலில் அமர்ந்த சுமைகூலியின் கதையையும் நீங்கள் சொல்லுங்கள். மூலத்தொகுப்பு முழுவதும் சிறுவர்க்கு ஏற்றதன்று. ஆகவே தேர்ந்து சொல்வது நலம். படம் காட்டிய கடலில் உங்கள் சொல் அந்தக் கப்பலைச் செலுத்தட்டும். அப்போதுதான் பக்தாத்தின் சிந்துபாத் நம் இல்லங்களில் கரைசேருவான்.