ஒன்பது பக்கப் புகார் போன வழி

2019 ஆகஸ்ட் 12 என்று தேதியிட்ட அந்தக் கடிதம் இரண்டு பேருக்கு எழுதப்பட்டது. ஒருவர் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுத் தலைவர் ரிச்சர்ட் பர். இன்னொருவர் பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழுத் தலைவர் ஆடம் ஷிஃப். அந்தக் குழுக்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 25-ம் தேதி. வாஷிங்டன் வட்டாரத்துக்குள்ளேயே போக வேண்டிய தபால். ஆறு வாரத்துக்கு மேல் எங்கே இருந்தது?

டொனால்ட் டிரம்ப் மீது கொண்டுவரப்பட்ட முதல் பதவி நீக்கத் தீர்மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பிரபலமான தொலைபேசி உரையாடலில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிட இந்தக் கடிதம் நகர்ந்த கதைதான் முக்கியமாகப் படுகிறது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் விஜிலென்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு புகார் மனு என்ன சொல்கிறது என்று படிப்பதற்கு முன்னால், அது யார் யார் மேசையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது என்று உறையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உள்ளே இருந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூலை 25 அன்று டிரம்ப், உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கியோடு தொலைபேசியில் பேசினார். அடுத்த தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய ஜோ பைடனையும் அவர் மகனையும் விசாரிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த நேரத்தில் உக்ரைனுக்குப் போக வேண்டிய 391 மில்லியன் டாலர் ராணுவ உதவி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உரையாடலின் பதிவு வழக்கமான கணினியிலிருந்து எடுக்கப்பட்டு, மிக ரகசியமான விஷயங்களுக்கென்றே இருக்கும் தனிக் கணினி அமைப்புக்கு மாற்றப்பட்டது. இதையெல்லாம் எழுதியவர் உளவுத்துறையைச் சேர்ந்த ஓர் ஊழியர். ஏழு பக்கக் கடிதம், இரண்டு பக்க இணைப்பு.

அவர் அதைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. சட்டம் சொன்ன வழியில் போனார். 1998-ல் வந்த சட்டம் அது. உளவுத்துறைக்காரர்களுக்கு மேலதிகாரிகளின் முறைகேடு தெரியவந்தால், ரகசியம் வெளியே சிந்தாமல் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக ஒரு பாதை போட்டுக்கொடுத்தது. நாடாளுமன்றம் ஏன் இதில் வருகிறது என்று கேட்கலாம். எழுபதுகளின் நடுவில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, சி.ஐ.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததைத் தோண்டி எடுத்தது. அதற்குப் பிறகுதான் 1976-ல் செனட்டும், 1977-ல் பிரதிநிதிகள் சபையும் உளவுத்துறையைக் கண்காணிக்க நிரந்தரக் குழுக்களை அமைத்தன. எல்லா உறுப்பினரிடமும் சொல்ல முடியாததை இந்தக் குழுக்களிடம் சொல்லியாக வேண்டும் என்பது ஏற்பாடு.

பாதை இப்படி. புகார் முதலில் உளவுத்துறைகளுக்கான இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் போகும். ஐ.ஜி. என்றதும் நமக்குக் காக்கிச் சட்டை நினைவுக்கு வரும். இவர் போலீஸ்காரர் அல்ல. எங்கள் ஊரில் தலைமை விஜிலென்ஸ் அதிகாரி என்போமே, கிட்டத்தட்ட அவர். புகார் நம்பத்தக்கதா, அவசரமானதா என்று பார்க்க அவருக்கு 14 நாள். ஆமாம் என்று பட்டால் தேசிய உளவுத்துறை இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். இயக்குநர் 7 நாளுக்குள் தன் கருத்து ஏதும் இருந்தால் சேர்த்து, நாடாளுமன்றக் குழுக்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இடம் அவருக்குத் தரப்படவில்லை. அவர் தபால் பெட்டி மாதிரி.

அப்போதைய இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் அட்கின்சன். டிரம்ப்பே நியமித்தவர். நீதித்துறை அமைச்சகத்தில் அரசு வழக்கறிஞராகப் பல ஆண்டு இருந்தவர். 14 நாளையும் முழுசாக எடுத்துக்கொண்டு விசாரித்தார். ஆகஸ்ட் 26 அன்று, புகார் நம்பத்தக்கது, அவசரமானது என்று எழுதி இயக்குநருக்கு அனுப்பினார்.

இயக்குநர் நாற்காலியில் அன்று இருந்தவர் ஜோசப் மக்வயர். கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். தற்காலிகப் பொறுப்பு. வந்து பத்தே நாள் ஆகியிருந்தது. அதிபரின் பேச்சு சம்பந்தப்பட்டது, ரகசியக் காப்பு உரிமை என்று ஒன்று அதிபருக்கு இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அவர் நினைத்தார். எனவே வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகரிடம் கேட்டார். பிறகு நீதித்துறை அமைச்சகத்தின் சட்ட ஆலோசனைப் பிரிவிடம் கேட்டார்.

வெளிப்பார்வைக்குப் பொறுப்பான அதிகாரி செய்கிற காரியம்தான். சந்தேகம் வந்தால் சட்டக் கருத்து கேட்பதில் என்ன தப்பு? ஆனால் கேட்ட இடங்களைப் பாருங்கள். புகார் வெள்ளை மாளிகையில் இருக்கும் அதிபரைப் பற்றியது. நீதித்துறை அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாரின் பெயரும் அதே புகாருக்குள் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் அலுவலகங்களிடமே, ‘இந்தப் புகாரை மேலே அனுப்பலாமா?’ என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் உதவியாளர், பொது மேலாளர் பெயர் இருந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டார், “மேடம், இதுக்கு ஜி.எம். கிட்டயே ஒரு ரிமார்க்ஸ் வாங்கிடலாமா?”

“வாங்கத்தான் போறோம் தம்பி. ஆனா இன்னிக்கு இல்ல. சம்பந்தப்பட்ட ஃபைல் எல்லாம் நம்ம பீரோவுக்கு வந்து சேரட்டும்” என்றேன்.

விஜிலென்ஸில் இது பாலபாடம். புகாருக்கு ஆளானவருக்குப் பதில் சொல்ல உரிமை உண்டு. எந்தக் கட்டத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மக்வயரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் கடிதத்தைக் கிழிக்கவில்லை, எழுதியவர் யார் என்று துருவவும் இல்லை. தபால் பெட்டியாக இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரியாக நடந்துகொண்டார், அவ்வளவுதான். ஒரு புகாரைச் சாகடிக்க யாரும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டியதில்லை. ‘சட்டக் கருத்துக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு வரி குறிப்பு போட்டால் போதும். அந்த வரியின் கீழே ஓய்வு பெறும் வயது வரை ஊறிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழு நாள் கெடு செப்டம்பர் 2-ம் தேதி முடிந்தது. மறுநாள் தேதியிட்டு சட்ட ஆலோசனைப் பிரிவின் கருத்து வந்தது. அதிபர் உளவுத்துறையைச் சேர்ந்தவர் அல்ல. அவர் வெளிநாட்டுத் தலைவரோடு பேசியது உளவு நடவடிக்கையும் அல்ல. ஆகவே சட்டம் சொல்லும் ‘அவசர விவகாரம்’ என்ற வரையறைக்குள் இது வராது. குழுக்களுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சட்ட வாசகத்தை வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் முழுக்க அபத்தம் என்று தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் வெளிநாடு ஒன்று தேர்தலில் தலையிடுவதைக் கண்காணிப்பதும் இயக்குநரின் பொறுப்புதானே என்பது அட்கின்சன் வைத்த பதில். பிற்பாடு அக்டோபரில், பல்வேறு துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் கிட்டத்தட்ட 70 பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, இந்தக் கருத்து நின்றால் இனி எந்த ஊழியரும் புகார் கொடுக்கத் துணிய மாட்டார் என்று எழுதினார்கள்.

சரி, புகார்தாரர் நேரே நாடாளுமன்றக் குழுவிடம் போக முடியாதா? அன்றைய சட்டத்தில் அதற்கும் ஒரு வழி இருந்தது. ஆனால் எந்தப் பாதுகாப்பான முறையில் குழுவைத் தொடர்புகொள்வது என்ற அறிவுறுத்தலை இயக்குநரிடமே பெற வேண்டும். நீதிமன்றம்? இந்தப் பிரிவின் கீழ் இயக்குநரோ இன்ஸ்பெக்டர் ஜெனரலோ எடுக்கும் நடவடிக்கை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதல்ல என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. அது மக்வயரின் இழுப்பறையில்.

இந்த இடத்தில் அட்கின்சன் செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செப்டம்பர் 9 அன்று இரண்டு குழுக்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஒரு புகார் வந்திருக்கிறது, நம்பத்தக்கது என்று முடிவு செய்தேன், இயக்குநருக்கு அனுப்பினேன், அவர் உங்களுக்கு அனுப்பவில்லை. இவ்வளவுதான் அதன் சாரம். யார் மீது புகார், என்ன புகார், ஒரு எழுத்து இல்லை. பத்து நாள் கழித்து மூடிய அறையில் குழு அவரைக் கூப்பிட்டுக் குடைந்தபோதும் உள்ளடக்கத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. மேலதிகாரியின் சட்ட விளக்கத்தோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று எழுத்தில் பதிவு செய்தார்; அதை மீறவும் இல்லை. கோப்பு ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்வர்ட் எண் விழுந்துவிட்ட தபாலைத் தொலைப்பது லேசில்லை.

அதன் பிறகு வேகம் பிடித்தது. செப்டம்பர் 13 அன்று ஷிஃப் மக்வயருக்குச் சம்மன் அனுப்பி, அதை ஊரறியச் சொன்னார். பத்திரிகைகள் துருவத் தொடங்கின. 24-ம் தேதி செனட், குடியரசுக் கட்சியினரின் பெரும்பான்மை இருந்த அதே செனட், புகாரைக் குழுவிடம் கொடுக்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அன்றே சபாநாயகர் நான்சி பெலோசி பதவி நீக்க விசாரணையை அறிவித்தார். மறுநாள் வெள்ளை மாளிகை உரையாடலின் குறிப்பை வெளியிட்டது. புகாரும் குழுக்களுக்குப் போனது.

26-ம் தேதி மக்வயர் குழு முன்னால் வெளிப்படையான விசாரணையில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல். புகார்தாரரும் இன்ஸ்பெக்டர் ஜெனரலும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள் என்றார். தன்னை நியமித்த அதிபர் அந்தப் புகார்தாரருக்குத் தகவல் கொடுத்தவர்களை ஒற்றர்களுக்கு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

குழுத் தலைவரின் நடத்தையில் எனக்குக் குறை உண்டு. அந்த விசாரணையின் தொடக்கத்தில் ஷிஃப், டிரம்ப்பின் பேச்சைத் தன் கற்பனை வசனத்தில் நடித்துக்காட்டினார். மூல ஆவணம் கையில் இருக்கும்போது அதை வாசிக்காமல் நையாண்டி எதற்கு? அதைவிட மோசம், புகார்தாரரோடு தாங்கள் நேரடியாகப் பேசவில்லை என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். புகார் தாக்கலாவதற்கு முன்பே அந்த ஊழியர் குழுவின் பணியாளர் ஒருவரை அணுகி, எப்படிப் புகார் செய்வது என்று கேட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. வழி கேட்டதில் தவறே இல்லை. மறைத்ததால், எதிர்த்தரப்புக்குப் பேச ஒரு வருடத் தீனி கிடைத்தது.

எதிர்த்தரப்பு அதிகம் பேசியது வேறொன்றை. ‘எல்லாம் காதில் விழுந்த சமாசாரம்’ என்றார்கள். உண்மைதான், உரையாடலைத் தான் நேரில் கேட்கவில்லை, பல அதிகாரிகள் சொல்லக் கேட்டேன் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. நேரடியாகத் தெரிந்ததா, பிறர் சொன்னதா என்ற இரண்டு கட்டங்களையும் படிவத்தில் அவர் குறித்திருந்தார் என்றும், நேரடித் தகவல்தான் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றும் அட்கின்சன் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. எங்கள் வேலையில் இது தினசரிச் சண்டை. புகார் என்பது சாட்சியம் அல்ல, எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் கை. தோண்டிப் பார்த்தபோது வெள்ளை மாளிகையே வெளியிட்ட குறிப்பு, உரையாடலைப் பற்றிப் புகார் சொன்னதோடு பெருமளவு ஒத்துப்போனது. அதற்குப் பிறகும் புகார்தாரரின் பெயரைத் தேடி அலைந்தவர்களுக்கு உண்மை தேவைப்படவில்லை. செனட் விசாரணையில் ஒரு செனட்டர் பெயரைச் சேர்த்து எழுதிக்கொடுத்த கேள்வியை வாசிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மறுத்துவிட்டார்.

பெயர் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தியாவில் யாரும் கேட்கத் தேவையில்லை. நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு வந்த 2004 தீர்மானத்தின்படி, மத்திய விஜிலென்ஸ் ஆணையத்துக்கு ஒட்டிய உறையில் வரும் புகார்களில் பெயரை நீக்கிவிட்டுத்தான் துறைகளுக்கு அனுப்புவார்கள். ஐ.பி.யையும் ‘ரா’வையும் கண்காணிக்க நம் நாடாளுமன்றத்தில் தனிக் குழு கிடையாது. ஆகவே அட்கின்சன் எழுதிய மாதிரிக் கடிதத்துக்கு இங்கே விலாசமே இல்லை.

மேலதிகாரியின் முறைகேட்டை நாடாளுமன்றத்துக்கு எழுதும் வழக்கம் அமெரிக்கர்களுக்குப் பழையது. 1777-ல் ‘வாரன்’ என்ற போர்க்கப்பலில் இருந்த பத்துப் பேர், கடற்படைத் தளபதி ஈசக் ஹாப்கின்ஸ் பிரிட்டிஷ் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதாக எழுதிக்கொடுத்தார்கள். ஹாப்கின்ஸ் பதவி இழந்தார். பதிலுக்கு இருவர் மீது அவதூறு வழக்குப் போட்டார். 1778 ஜூலை 30 அன்று அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ், முறைகேட்டைத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை என்று தீர்மானம் போட்டு, அந்த இருவரின் வழக்குச் செலவையும் தானே ஏற்றது. போர் நடந்துகொண்டிருந்த, கஜானாவில் காசில்லாத காலம்.

2019 டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது பதவி நீக்கத் தீர்மானங்களை நிறைவேற்றியது. 2020 பிப்ரவரி 5 அன்று செனட் அவரை விடுவித்தது. அந்த முடிவைப் பற்றி என் கருத்து யாருக்கும் வேண்டாம். அடுத்து வந்த பணியிட மாற்றங்களைத்தான் நான் கவனித்தேன். சாட்சி சொன்ன லெப்டினன்ட் கர்னல் அலெக்சாண்டர் விண்ட்மன் இரண்டே நாளில் வெள்ளை மாளிகைப் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சாட்சியே சொல்லாத அவருடைய இரட்டைச் சகோதரரும் கூடவே. அதே மாதம் மக்வயர் போனார். ஏப்ரல் 3 அன்று, கொரோனாச் செய்திகளுக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை இரவில், அட்கின்சனை நீக்குவதாக டிரம்ப் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். இன்ஸ்பெக்டர் ஜெனரலை நீக்க 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது சட்டம். முன்னறிவிப்பு கொடுத்தார்கள், கொடுத்த கையோடு அவரை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள்.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு புகார் அவசரமானதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கு மட்டுமே என்று இப்போது எழுதியிருக்கிறது. நல்ல திருத்தம். அந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலை நீக்கும் அதிகாரம் பழையபடி அதிபரிடமே இருக்கிறது. 2025 ஜனவரியில், இரண்டாம் முறை பதவியேற்ற அதே வாரத்தில், டிரம்ப் பல துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை ஒரே இரவில் நீக்கினார். இந்த முறை 30 நாள் முன்னறிவிப்பும் இல்லை. அவர்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். நீக்கியது சட்டவிரோதம் என்று நீதிபதி சொன்னார். திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு போடவில்லை.