'படிப்பு ஏறல' என்கிற தீர்ப்பு

காஞ்சிபுரத்துத் தறி என்றால் தமிழ்த் தறி என்றே வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். செங்குந்தர் வீடுகளுக்கு அது சரி. தேவாங்கர், பத்மசாலியர் வீடுகள் பலவற்றில் அடுப்படியிலும் தறிக்குழியிலும் புழங்குவது தெலுங்கு. தெருவில் தமிழ், மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம். ஆக, அந்த வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது தன் இரண்டாவது மொழியில், இல்லையென்றால் மூன்றாவதில். வாசிப்பு வரவில்லையென்றால் 'மண்டையில ஏறல' என்று ஒரே போடு. பிள்ளையின் மொழியைக் காணாமலடிக்கிற தீர்ப்பு இது.

இதற்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் கிடக்கின்றன. மொழி இன்னும் வந்து சேரவில்லை என்பது ஒன்று. எந்த மொழியானாலும் எழுத்தையும் ஒலியையும் பிணைப்பதில் சிக்கல் (டிஸ்லெக்ஸியா) என்பது மற்றது. கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு அப்புறம் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'பழம்' என்பதைப் 'பயம்' என்று எழுதினால் அது கோளாறல்ல, வடதமிழகத்துப் பேச்சு நோட்டில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் எழுதும். அர்த்தம் தெரியாத சொல்லில் திணறி, தெரிந்த சொல்லைச் சட்டென்று வாசித்தால் மொழிதான் போதவில்லை. ஆனால் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தும், தினம் பேசுகிற சொல்லையே எழுத்தெழுத்தாக இழுக்கிறதா? எழுத்துக்கு முன்னால் நிற்கிற கொம்பு இன்னும் அதைக் குழப்புகிறதா? அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். சந்தேகத்தை வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்தை யாரும் கற்றுக் கொடுத்ததில்லை என்பதால் வாயால் கேட்பதுதான் வழி. 'நூரு'வில் முதல் ஒலியை எடுத்தால் என்ன? 'ஊரு' என்று வருகிறதா? வரிசையாக வைத்த நூல்கண்டுகளின் நிறங்களைத் தடங்கலில்லாமல் சொல்ல முடிகிறதா? இரண்டு மொழியிலும் தடுமாறினால் அது மொழிப் பிரச்சினை மட்டுமல்ல.

கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று வேறு வகுப்பில் தள்ளினார்கள். 1970இல் டயானா வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே தாய்மொழியிலும் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள். நம்மிடம் எதிர்த்திசைத் தவறும் உண்டு: 'இங்கிலீஷ் வந்தா சரியாயிடும்' என்று காத்திருந்தே நிஜமான சிக்கலைத் தவறவிடுவது. பேச்சு சரளமாவதை வைத்தும் ஏமாறக் கூடாது. பேச்சுமொழி இரண்டு வருஷத்தில் பிடிபடும், பாடமொழிக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும் என்பது கனடாவின் ஜிம் கம்மின்ஸ் ஆராய்ந்து சொன்னது.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. இந்திய மொழிகளுக்கென்று 2015இல் வந்த 'டாலி' சோதனைத் தொகுப்போ இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்ற நான்கில்தான் வெளியானது. அன்றைக்குத் தமிழுக்கே இடமில்லாதபோது காஞ்சிபுரத்துத் தெலுங்குக்கு எங்கே போயிருக்க முடியும்?

இதே 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை, ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். கரை நாடாவைத் தள்ள நெசவாளி பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருந்து வந்திருக்கிறது. 'ஏறல' என்று பள்ளி சொன்ன பிள்ளையை அந்த இடத்தில் உட்கார வைக்க யாரும் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கிற நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் ஒன்று கேட்கலாம்: பின்தங்கியவர்கள் என்று எழுதி வைத்திருக்கிற பிள்ளைகளிடம் வீட்டு மொழியில் யாராவது பேசிப் பார்த்தார்களா? தெலுங்கு தெரிந்த ஓர் ஆயாவோ பக்கத்து வீட்டு அக்காவோ கூட இருந்தால், வாத்தியாருக்கு அரைமணி நேர வேலை.