படபடக்கும் நெஞ்சும் பேசாத கொதிப்பும்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகிற சாலையில், தேனிக்கு அடுத்த வீடு போல ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் பழனிசெட்டிபட்டி. அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இருபத்தாறு வயது. புது வேலையில் சேருவதற்காக டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கப் போகிறான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தால், கருவி 150-க்கு 96 என்கிறது. நாடியோ நிமிஷத்துக்கு 108!

செய்தி வீட்டுக்கு வந்ததும் வீடே இரண்டு கட்சியாகிவிடுகிறது. "இந்த வயசிலே ரத்தக் கொதிப்பாவது! மெஷின் கோளாறாக இருக்கும்" என்று அப்பா பத்திரிகையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். "எனக்குக் கொடுக்கிற மாத்திரையிலே பாதியைப் பையனுக்குக் கொடு" என்கிறாள் பாட்டி. அம்மாவுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை.

இதில் யார் கட்சியில் நீங்கள் சேருவீர்கள்? ஒரு கட்சியிலும் சேர வேண்டாம். நடந்திருப்பது ஒரே ஒரு அளவு. அதை வைத்து நோய் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் கூடாது.

குரைப்பது ஒன்று, கடிப்பது ஒன்று

நெஞ்சு வேகமாக அடிப்பது வேறு. ரத்தக் கொதிப்பு வேறு. ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பது இயல்பு. கொதிப்பு என்பது ரத்தம் குழாய்ச் சுவரை அழுத்துகிற வேகம். இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். விரியும்போது உள்ளது கீழ் எண். 120-க்கு 80-க்குள் இருந்தால் உத்தமம். 140-க்கு 90-ஐத் தொட்டு, மறுபடி மறுபடி பார்த்தும் அப்படியே நின்றால் அதுதான் ரத்தக் கொதிப்பு.

படபடப்பு தன்னைத்தானே தம்பட்டம் அடித்துக்கொள்ளும். காதிலே கேட்கும், தொண்டையிலே தெரியும், மனிதரைக் கதிகலங்க அடிக்கும். ஆனால் வாலிப வயதில் அது பெரும்பாலும் குரைக்கிற நாய்தான். கொதிப்போ குரைக்காமலே கடிக்கிற ஜாதி. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பசிக்குக் குறைவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் மூளை, கண், இருதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டே இருக்கும்.

2020-ல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்குச் சுமார் 34 பேருக்குக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான்! மற்றவர்களில் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று இருந்தவர்களும் தொடங்கிய மருந்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

அளப்பதற்கும் ஒரு முறை

பஸ்ஸுக்கு ஓடி, மாடிப்படி ஏறி, வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்துடன் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் யாருக்குத்தான் எண் ஏறாது? வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்கிவிடுகிற கொதிப்பும் உண்டு. ஆகவே வீட்டில் சாவகாசமாகப் பாருங்கள்.

அளப்பதற்கு முந்திய அரை மணி நேரம் காப்பி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கை இருதயத்தின் மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். மணிக்கட்டில் மாட்டுகிற கருவியைவிட மேல்கையில் சுற்றுகிற கருவியே நம்பகமானது. பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். காலையும் மாலையும், ஒரு வாரம். சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள். அதுவே பாதி வைத்தியம்.

நாடி பார்க்க விரல் இரண்டு போதும். கட்டைவிரலுக்கு நேரே மணிக்கட்டில் வைத்து முப்பது விநாடி எண்ணி இரட்டியுங்கள்.

காரணம் எங்கே?

நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று சொல்கிற பெண்ணிடம் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற வழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பார்த்தீர்களா? அடுத்தது தைராய்டு. பிறகு காய்ச்சல், தண்ணீர் குறைவு, தூக்கமின்மை, கவலை, டப்பாவில் வருகிற ஊக்க பானங்கள், புகையிலை.

இளம் வயதில் கொதிப்பு நிலைத்து நின்றால் டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்வார். சிறுநீரகக் கோளாறோ, சுரப்பிக் கோளாறோ மறைந்திருக்கலாம். உடல் பருமன், பலத்த குறட்டை, மதுபானம், பெற்றோருக்கு இருந்த கொதிப்பு ஆகியவையும் காரணமாகும். கருத்தடை மாத்திரை, வலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரை சாப்பிடுவதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவையும் எண்ணை ஏற்றக்கூடும்.

அடுக்களையில் ஆரம்பம்

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு அனுமதிக்கிற உப்பு ஐந்து கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள். குழம்பில் போடுவதைக் குறைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்ஸர் என்று பின்வாசல் வழியாக விட்டால் என்ன பிரயோசனம்?

கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கும் பழங்களுக்கும் பஞ்சமில்லை. மாலையில் மிக்ஸர் பொட்டலத்தின் இடத்தில் ஒரு வாழைப்பழம் உட்காரட்டும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.) தினம் அரை மணி வேகமான நடை, ஏழு மணி நேரத் தூக்கம், புகையிலைக்கு முழுக்கு. இத்தனையும் சேர்ந்தால் எண் இறங்கும்.

மாத்திரையும் பொல்லாப்பும்

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தபோது, அவருடைய கொதிப்பு 300-க்கு 190! உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்குக் கூடக் கொடுக்க அன்று நல்ல மருந்து இல்லை. நான்கு வருஷம் கழித்து, 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் கொதிப்பைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவ சஞ்சிகையில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். அந்த வேரின் சத்து மனச்சோர்வை உண்டாக்கும் என்பதும் பின்னால் தெரிந்தது. எனவே, வேர்தானே என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்துக் குடிக்க வேண்டாம்.

1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இருதயத்தின் வேகத்தைத் தணிக்கிற ப்ரொப்ரனலால் மருந்தைக் கண்டார். 1988-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சையே அடைக்கும். தினம் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பாட்டியின் மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

"ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க சாப்பிட வேண்டுமாமே!" என்று பயந்து மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். எடையும் உப்பும் குறைந்து எண் நன்றாக இறங்கினால் டாக்டரே அளவைக் குறைப்பார். அந்தத் தீர்மானத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பு மாத்திரை இலவசம்.

புதுப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை

கர்ப்பம் ஐந்து மாதத்தைத் தாண்டிய பிறகு புதிதாகக் கொதிப்பு ஏறினால் அது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் கொதிப்பைப் பார்த்தே தீர வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, மாற்றிக் கொடுப்பார். பிரசவத்தோடு எண் இறங்கிவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் திரும்பி வரக்கூடும்.

எப்போது ஓட வேண்டும்?

சும்மா உட்கார்ந்திருக்கையில் ஸ்விட்சைப் போட்டாற்போல் நாடி 150-க்கு மேல் பாய்ந்தாலும், படபடப்போடு மார்வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தாலும், கொதிப்பு 180-க்கு 120-ஐத் தொட்டுக் கடுந்தலைவலி, பார்வை மங்கல், கை கால் விளங்காமை, வாய் குளறல் தெரிந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி பதற்றம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோருடைய பெயரையும் எழுதி, எதிரே இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கட்டும். வீட்டிலுள்ள எல்லோரையும் பார்த்துவிட்டுத் தன்னை மறந்துபோவது நம் பெண்களுக்குப் பழகிப்போன விஷயம் அல்லவா?